மேசை உள்ள அறை

கொழும்பில் நான் வேலை பார்த்த கொம்பனிக்குக் கண்டியில் ஒரு கிளை இருந்தது. கணக்காய்வுக்கு யாரை எங்கே அனுப்புவது என்று பட்டியல் போடும்போது அநுராதபுரத்துக்கும் மட்டக்களப்புக்கும் ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். கண்டி என்றால் எல்லோரும் தாமாகவே பெயர் கொடுப்பார்கள். குளிர், வாவிக்கரை, தலதா மாளிகை, வழியில் கடுகண்ணாவையில் இறங்கி ஒரு பிளேன்டி. போய் வந்தவர்களுக்குத்தான் தெரியும், கணக்காய்வுக்குப் போகிறவன் கண்டியில் பார்ப்பது கட்டுக் கட்டாக வவுச்சர்களைத்தான். காலை எட்டரைக்குக் கிளையில் இருக்க வேண்டும். பின்னேரம் அவர்கள் ஷட்டரை இழுத்த பிறகு அன்றைய குறிப்புகளை ஒழுங்குபடுத்த அறையில் ஒரு மேசை வேண்டும், மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் வேண்டும், எழுத்துத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். கண்டியில் இவ்வளவும் ஒரே அறையில் கிடைப்பது எவ்வளவு அரிது என்று உல்லாசப் பயணி யாரும் எழுதி வைத்ததில்லை.

இதற்கு மேல் அலுவலகத்தின் கட்டுப்பாடு ஒன்று. தங்குவதற்கு ஒரு படி உண்டு, அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும், திரும்பி வந்து முறையான பில் கொடுக்க வேண்டும். கண்டியில் பாதி வீடுகள் மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகின்றன. நல்ல மனிதர்கள், வீட்டுச் சாப்பாடு, வாசலில் பூச்செடி. ஆனால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இல்லாத வீடு என்றால் பில் கேட்டதும் வீட்டுக்காரரின் முகம் மாறிவிடும். ஒரு வீட்டில் பிள்ளையின் பயிற்சிக் கொப்பியில் இருந்து தாள் கிழித்துக் கணக்கு எழுதித் தந்தார்கள். பிறருடைய பில்லைப் பிழை பிடிப்பதே தொழிலாக உள்ளவன் அந்தத் தாளைக் காசாளரிடம் எப்படி நீட்டுவது?

ஊரின் அமைப்பையும் சொல்ல வேண்டும். நகரம் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சுற்றி நிற்கும் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. நடுவில் வாவி, கடைசி மன்னன் ஸ்ரீவிக்ரம ராஜசிங்கன் 1807இல் வயல் நிலத்தை மறித்துக் கட்டுவித்தது. வாவிக்கரையில் மாளிகை, அதற்குக் கொஞ்சம் தள்ளிக் குயின்ஸ் ஹோட்டல், அங்கிருந்து தலதா வீதி பிடித்தால் கடைகள், மணிக்கூட்டுக் கோபுரம், சந்தை, பஸ் நிலையங்கள், ரயில் நிலையம். எல்லாம் நடந்து போகிற தூரம். ஆனால் அந்தத் தூரத்துக்குள் தங்கினால் ஹோர்ன் சத்தம் கட்டிலுக்குக் கீழே இருந்து வருவது மாதிரி இருக்கும். வாகனப் புகைக்கும் மலைகளைத் தாண்டி வெளியேற வழியில்லை. அமைதி வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும்: அனிவத்தை, ஹீரஸ்ஸகல, ஹந்தானை, அம்பிட்டிய வீதி. கண்டி ஹோட்டல்களின் புகழில் பெரும்பங்கு இந்த மேடுகளில்தான் இருக்கிறது. ‘நகர மையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர்’ என்று போட்டிருப்பார்கள். அது வரைபடத்தில் கோடு கீறி அளந்த தூரம். வீதியோ வளைந்து வளைந்து, மூச்சு வாங்கி வாங்கி ஏறும். த்ரீவீல்காரர் மேலே போக ஒரு விலை சொல்வார், மழை தூறினால் வேறு விலை. காலையில் மேலே இருந்து கீழே வர வண்டி பிடிப்பது அதைவிடப் பெரிய வேலை.

மேலே இருந்த அப்படியொரு ஹோட்டலில் ஒருமுறை எங்கள் குழுவுக்கு அறை போட்டார்கள். பணிப்பாளர் ஒருவர் குடும்பத்தோடு போய்த் தங்கி மயங்கிய இடம். இணையத்தில் பத்துக்கு ஒன்பதைத் தாண்டிய புள்ளி. எழுதியவர்கள் எல்லோரும் காட்சியைப் பற்றி எழுதியிருந்தார்கள், எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பல்கனிக் கதவைத் திறந்தால் விடியற்காலைப் பனிக்குள் நக்கிள்ஸ் மலைத்தொடர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்கும். அறையில் மேசை என்று இருந்தது முழங்கால் உயரத்தில் ஒரு வட்டக் கண்ணாடி. அதன்மேல் லெட்ஜரை விரித்தால் நாம் தரையில் சப்பாணி கட்டி உட்கார வேண்டும். விளக்குகள் எல்லாம் மங்கலான மஞ்சள், புதுமணத் தம்பதிகளுக்கு ஏற்ற வெளிச்சம். காலைச் சாப்பாடு ஏழரைக்குத்தான் தொடங்கும், ஏனென்றால் அங்கே வருகிறவர்கள் யாரும் எட்டரைக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. இரவு எட்டு மணிக்குத் தாள் தட்டச்சு செய்ய முடியுமா என்று நான் வரவேற்பில் கேட்டபோது அந்தப் பிள்ளை என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார அந்த ஹோட்டலுக்கு அதுவரை யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

கண்டிக்கு வந்து காட்சியில் விழுந்தவர் எங்கள் பணிப்பாளர் மட்டுமல்ல. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். பர்மாவில் நடக்கும் யுத்தத்தை நடத்த ஓர்க்கிட் பூக்களுக்கு நடுவே அலுவலகம். வாவிக்கரை ஹோட்டல் சுவிஸும் அப்போது அவருடைய ஆட்களின் பாவனைக்குப் போனது. போர்முனை எங்கே, கண்டி எங்கே என்று அந்தக் காலத்திலேயே முணுமுணுத்தவர்கள் உண்டு. கண்டி இராச்சியத்தில் அதிக காலம் தங்கி அதைப் பற்றி எழுதிய வெளிநாட்டவர் என்றால் ரொபர்ட் நொக்ஸைச் சொல்ல வேண்டும். 1660இல் அக்காலக் கண்டி மன்னனின் ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; 1679இல்தான் தப்பினார். கிராமத்து மக்கள் முறை வைத்துச் சாப்பாடு போட்டார்கள். 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய புத்தகத்தைப் படித்தால் சாப்பாட்டையும் வீட்டையும் பற்றி இன்றைய விமர்சகர்களைவிட நேர்மையாக எழுதியிருப்பதாகத் தோன்றும். வெளியேற முடியாத விருந்தாளி அல்லவா.

எனக்குக் கண்டியில் முதன்முதலில் அறை சொல்லித் தந்தவர் எங்கள் அலுவலகத்தின் பழைய காசாளர். சாவகச்சேரிப் பக்கத்து மனிதர், எல்லோருக்கும் அண்ணை. அது 1998. அந்த ஆண்டு ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை வாசலில் விடுதலைப் புலிகளின் லொறிக் குண்டு வெடித்திருந்தது. பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திரப் பொன்விழாவைக் கண்டியில் நடத்துவதற்கு இருந்தார்கள்; அது கொழும்புக்கு மாறியது. மாளிகைக்கு முன்னால் போன வீதியை வாகனங்களுக்கு மூடினார்கள். அந்தச் சூட்டில், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று எழுதிய அடையாள அட்டையோடு ஒருவன் கண்டியில் போய் இரவு தங்க வேண்டும்.

அண்ணையிடம் போய், “நல்ல ரூம் ஏதும் தெரியுமோ?” என்று கேட்டேன்.

“தம்பி, ரூம் எப்பிடி எண்டு கேளாதையும். முதலாளி ஆர் எண்டு கேளும்” என்றார். “இரவு பொலிஸ் வந்து கதவைத் தட்டினா, எழும்பி வந்து ‘இவர் எங்கட ஆள், வேலைக்கு வந்தவர்’ எண்டு சொல்லுவானோ, இல்லாட்டித் திறப்புக் கோர்வையை அவங்களிட்டக் குடுத்துப்போட்டுப் போய்ப் படுப்பானோ? அதுதான் விசயம்.”

அவர் சொன்ன லொட்ஜ் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய வீதியில், துணிக்கடைக்கு மேலே இருந்தது. முதலாளி முஸ்லிம், நாவலப்பிட்டிப் பக்கம். படிக்கட்டு ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடியது. அறையில் இரும்புக் கட்டில், தும்பு மெத்தை, சுவரில் ஒரு ஆணி, பினாயில் வாசம். குளியலறை வராந்தாக் கடைசியில், எல்லோருக்கும் பொது. யன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் பூசாத செங்கல் சுவர். ஆனால் ஒரு மேசை இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் மேசை, இழுப்பறைக்குப் பூட்டு இல்லை, மேற்பரப்பில் யாரோ பிளேடால் ஒரு பெயரைக் கீறியிருந்தார்கள். நல்ல கனமான மேசை, ஆடாது.

முதலாளி முதலில் வாடகையைப் பேசவில்லை. என் அடையாள அட்டையை வாங்கிப் பிரதி எடுக்க ஒரு பையனை அனுப்பினார். கொம்பனிக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, மூன்று மொழியிலும் அடித்து, முத்திரை குத்தி, முகாமையாளர் கையொப்பம் வைத்தது. அதற்கும் ஒரு பிரதி. பிறகு ஒரு பெரிய பதிவேட்டை எடுத்து விரித்தார். பெயர், அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, எங்கிருந்து வருகிறார், வந்த காரணம், எத்தனை நாள். ‘வந்த காரணம்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனையைத் தான் வாங்கிச் சிங்களத்தில் எழுதினார். கொம்பனியின் பெயர், கிளை இருக்கும் வீதி, என் மேலதிகாரியின் தொலைபேசி இலக்கம் எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நுணுக்கி எழுதப்பட்டன. “இத வடிவா எழுதிட்டா ராவைக்கு நிம்மதியா தூங்கலாம் தம்பி” என்றார். பின்னேரமே அந்தப் பிரதிகளோடு தானே பொலிஸ் நிலையம் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார்.

இரவு வந்தார்கள். படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம், வராந்தாவில் டோர்ச் வெளிச்சம், ஒவ்வொரு கதவாகத் தட்டும் ஓசை. நான் கதவைத் திறக்க முன்பே முதலாளி சாரமும் பெனியனுமாக வெளியே நின்றார். இளம் பொலிஸ்காரன் ஒருவன் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு அப்போது சிங்களம் அரைகுறை. அவன் என்னிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் முதலாளியிடமிருந்தே போனது. நடுநடுவே அந்தப் பதிவேட்டில் விரல் வைத்துக் காட்டினார். கூட வந்த சார்ஜன்டுக்கு அவரை ஏற்கெனவே தெரியும் போலிருந்தது. ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அட்டை என் கைக்குத் திரும்பி வந்தது. அவர்கள் அடுத்த கதவுக்குப் போன பிறகு முதலாளி என் பக்கம் திரும்பி, “கதவ சாத்திக்கிட்டுப் படுங்க. காலையில ஏழு மணிக்கு முந்தி இடியப்பம் வந்துரும்” என்றார்.

அந்த லொட்ஜுக்கு நட்சத்திரம் போடச் சொல்லியிருந்தால் என்ன போட்டிருப்பேன் என்று பிற்காலத்தில் யோசித்ததுண்டு. சுத்தத்துக்கு ஐந்தில் இரண்டு தேறும். காட்சிக்குச் சைபர். ஆனால் அந்தச் செங்கல் சுவர் எனக்குப் பிடித்திருந்தது; வீதியிலிருந்து யாருக்கும் என் யன்னல் தெரியாது.

அந்த நாட்களில் எங்களுக்கென்று ஒரு விமர்சன முறை இருந்தது. அது எங்கேயும் எழுதப்படவில்லை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, வங்கி வரிசையில், கோயில் வாசலில், தொலைபேசியில் போகும். வவுனியாவில் எந்த லொட்ஜ், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எந்த லொட்ஜ், கண்டியில் யார். படுக்கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சொன்னவர் யார், அவர் அங்கே எப்போது நின்றார், அன்றைக்குச் சோதனை நடந்ததா என்பதைத்தான் கேட்பார்கள். ஆறு மாதத்துக்கு முந்திய தகவல் பழைய தகவல், ஏனென்றால் அதற்குள் நிலையப் பொறுப்பதிகாரி மாறியிருப்பார். எந்த முதலாளியாலும் காப்பாற்ற முடியாத நாளும் வந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். தகுந்த காரணம் இல்லாமல் தலைநகரில் தங்கியிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த 376 பேரின் ‘வந்த காரணம்’ கட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வைத்தியம், வெளிநாட்டு விசா, வேலை தேடல். வேறு என்ன இருந்திருக்கும்?

அதே காலத்தில், அதே கண்டி ரயில் நிலையத்தில், வேறு ஒரு விமர்சன முறையும் ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் மூட்டையோடு இறங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லோர் கையிலும் லோன்லி பிளனட். இலங்கைக்கான அவர்களுடைய முதல் புத்தகம் 1980இல் வந்தது. புத்தகத்தில் பெயர் வந்த வீட்டுக்கு ஆள் தட்டுப்பாடு இல்லை. பெயர் வராத வீட்டுக்காரர்கள் புரோக்கர்களை நம்பினார்கள். “அந்த கெஸ்ட் ஹவுஸா? மூடியாச்சே” என்று நிலைய வாசலில் வைத்தே சொல்லும் த்ரீவீல்காரரை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பவருக்கு அந்த வீடு மூடவில்லை என்று நன்றாகத் தெரியும். ஆனால் அவருக்கும் கொமிஷன் உண்டு, அதனால் அவர் வானத்தைப் பார்ப்பார். புதிதாய் ஊருக்கு வந்தவருக்கு, சொல்கிறவரின் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. இன்றைய இணையத்திலும் பிரச்சினை இதே இடத்தில்தான் நிற்கிறது. சட்டைப்பை இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்த பிறகு வந்த பெரிய மாற்றம், அறையை நாமே போனில் தேடலாம் என்பது. ட்ரிப் அட்வைசர் 2000இல் தொடங்கியது, புக்கிங் டொட் கொம் அதற்கும் முந்தியது. கண்டியில் அவற்றின் வலு எங்களுக்குத் தெரிந்தது 2010க்குப் பிறகுதான். இளம் கணக்காய்வாளர்கள் புள்ளியைப் பார்த்துச் சட்டென்று முடிவெடுத்தார்கள். எனக்கு அந்தப் புள்ளியைப் பார்த்ததும் வவுச்சரைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது: இந்தக் கூட்டுத்தொகை எப்படி வந்தது? புக்கிங் டொட் கொம் நெடுங்காலம் ஒரு விசித்திரமான கணக்கு வைத்திருந்தது. பத்துக்குப் புள்ளி என்று காட்டுவார்கள், ஆனால் மிக மோசம் என்று எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாலும் 2.5 விழுந்துவிடும். அதற்குக் கீழே போக வழியே இல்லை. ஸ்பானிய ஆய்வாளர்கள் 2015இல் இதை எழுதினார்கள்; பிறகு புக்கிங் டொட் கொம் அந்த முறையை மாற்றியது. சைபரிலிருந்து தொடங்காத தராசில் ஏழு என்பது நாம் நினைக்கிற ஏழு அல்ல. பள்ளிக்கூடத்தில் 70 வாங்கினால் சந்தோஷப்படுகிற நம் ஆட்கள் 7.0 போட்ட ஹோட்டலையும் பரவாயில்லை என்று நினைத்தார்கள்.

புள்ளி உயர்ந்தால் காசு உயரும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அப்போது ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் இருந்த மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று காட்டினார். அதிலும் அது சங்கிலியில் சேராத தனிக் கடைகளுக்கு மட்டும். பெரிய சங்கிலிக் கடைகளுக்கு அந்த விளைவு இல்லை, அவற்றின் பெயரே போதும். 2014இல் மேஸ்லின், டோவர், ஷெவாலியே என்ற மூவர் ஹோட்டல்களை எடுத்து இன்னும் கூர்மையாகப் பார்த்தார்கள். ட்ரிப் அட்வைசரில் யாரும் எழுதலாம். எக்ஸ்பீடியாவில் அறை போட்டவர் மட்டுமே எழுதலாம். ஒரே ஹோட்டலுக்கு இரண்டு தளத்திலும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிட்டால், சொந்தக்காரரே நடத்தும் சின்ன ஹோட்டலுக்குத் திறந்த தளத்தில் புகழ்ச்சி கூடியிருந்தது, அதற்குப் பக்கத்தில் இருந்த ஹோட்டலுக்கு வசவு கூடியிருந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கண்டி வாவியைச் சுற்றியுள்ள மேடுகள்தான் நினைவுக்கு வந்தன. எல்லாம் குடும்பச் சொத்து, ஒன்றின் மதிலில் இன்னொன்று ஒட்டி நிற்கும்.

கணக்காய்வு செய்கிறவனுக்குப் போலிப் பற்றுச்சீட்டு எப்படி இருக்கும் என்று தெரியும். மூன்று வேறு கடை, மூன்று வேறு மாதம், ஆனால் பேனை ஒன்று. ஹோட்டல் விமர்சனத்தையும் நான் அப்படித்தான் படிப்பேன். ஒன்றரை வருடம் ஒன்றுமே இல்லை, திடீரென்று ஒரே வாரத்தில் வரிசையாகப் பத்துக்குப் பத்து. எழுதியவர் பெயரைத் தொட்டுப் பார்த்தால் உலகத்தில் வேறு எந்த ஹோட்டலைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. எல்லோரும் ஒரே ரூம் போயின் பெயரைச் சொல்லிப் புகழ்கிறார்கள் என்றால், அந்தப் பையனுக்குப் பெயர் வந்தால் ஏதோ கிடைக்கிறது என்று அர்த்தம். பாவம், அவன் கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள். அந்த வாரத்துக்குச் சற்று முந்திப் போய்ப் பாருங்கள். நுளம்பு, அல்லது தண்ணீர், அல்லது காசுத் தகராறு பற்றி யாரோ ஒருவர் கோபமாக எழுதியிருப்பார். அதை மூடத்தான் இத்தனை பூமாலை. பத்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு ஆறு, ஏழு போட்டவர்களைத்தான் நான் நிதானமாகப் படிப்பது. அவர்களுக்குக் கோபமும் இல்லை, உபகாரக் கடனும் இல்லை. “காலையில் பிரித் ஒலிபெருக்கி ஐந்து மணிக்கு” என்று ஒரு ஜேர்மன்காரர் குறைப்பட்டிருந்தார். எனக்கு அது அலாரம். “இரவு கீழ்மாடியில் கலியாணப் பாட்டு பன்னிரண்டு வரை” என்று கொழும்புக் குடும்பம் ஒன்று எழுதினால், அந்த ஹோட்டலை நான் தாண்டிப் போய்விடுவேன்.

தமிழில் யாரும் எழுதுவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தான் கண்டியில் தங்குகிறான், மட்டக்களப்பான் தங்குகிறான், ஹட்டனிலிருந்து பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கூட்டி வரும் பெற்றோர் தங்குகிறார்கள். ஒருவரும் எழுதுவதில்லை. நாங்கள் இன்னும் தொலைபேசியில் கேட்கிறவர்கள்.

கேட்க வேண்டிய கேள்வியும் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே போனது. 2020 செப்டெம்பர் 20ஆம் திகதி கண்டிப் பூவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று அதிகாலையில் சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்து, தாய், தகப்பன், பிறந்து மாதக்கணக்கே ஆன குழந்தை என்று மூன்று உயிர் போயிற்று. அதற்குப் பிறகு சரிவில் கட்டிய எந்த ஹோட்டலின் படத்தைப் பார்த்தாலும் பல்கனியை விட்டுவிட்டுக் கீழே தூண்களைப் பார்க்கிறேன். பின்பக்க மதிலில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா? காட்சியை ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். அந்தக் காட்சியைத் தாங்கி நிற்கும் சுவரைப் பற்றி எழுதிய ஒருவரை நான் இன்னும் காணவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் சரிந்த பிறகு, மழைக்காலத்தில் மேட்டில் தங்குவது என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் ஒருவரும் புறப்படக் கூடாது என்றே சொல்வேன்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022 வேறு மாதிரி. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. சமையல் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. அப்போதும் கிளைக் கணக்கு முடிக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் பிடிவாதமாக நின்றது. அன்றைக்குக் கண்டியில் எந்த ஹோட்டலுக்கு எடுத்தாலும் எங்கள் முதல் கேள்வி ஜெனரேட்டர். “இருக்கு” என்பார்கள். டீசல் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. அங்கே கொஞ்சம் மௌனம் வரும். புள்ளி 9 போட்ட இடமெல்லாம் இருட்டில் கிடக்க, குட்செட் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு சாதாரண விடுதியில் இரவு பத்து வரை விளக்கு எரிந்தது. முதலாளியின் மைத்துனருக்கு எரிபொருள் நிரப்பு நிலையத்தில் வேலை. இதை எந்தத் தளத்தில் போய்ப் படிப்பது? கண்டிக் கிளையின் காவலாளிதான் சொன்னார்.

ஆகஸ்டில் தலதா மாளிகையின் பெரஹெரா ஊர்வல நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் படிக்குள் வீதியோர நாற்காலி ஒன்றுதான் கிடைக்கும்.

போன வருடம் எங்கள் பகுதிக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பேராதனையில் படித்து, பட்டயக் கணக்காளர் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது. கண்டிக் கிளைக்குத் தனியாகப் போக வேண்டி வந்தபோது என்னிடம் கேட்டது. நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். தலதா வீதிக்கு இந்தப் பக்கம், மேசை உண்டு, பிளக் உண்டு, ஆறரைக்குச் சாப்பாடு, பில் ஒழுங்கு, வரவேற்பில் இருப்பவர் தமிழ் கதைப்பார், பின்பக்க மதில்கூட நான் பார்த்தேன், பரவாயில்லை. நானே ஏழு போட்டு எழுதிய விமர்சனத்தையும் காட்டினேன். அது பொறுமையாக வாசித்தது.

“சார், கதவுக்கு உள்பக்கம் கொண்டி இருக்குங்களா?”

பூட்டு இருக்கிறது என்றேன்.

“பூட்டுக்கு அவங்ககிட்டயும் இன்னொரு சாவி இருக்குமே சார். கொண்டிதான் கேக்கிறேன். அப்புறம் ராத்திரி கவுண்டர்ல யாரு இருப்பாங்க? படிக்கட்டுல லைட் எரியுமா? சாப்பாட்டு ரூமும் பாரும் ஒண்ணா, வேற வேறயா?”

பார் எந்த மாடியில் என்பதுகூட என் ஞாபகத்தில் இல்லை. அத்தனை வருடமும் அதைத் தாண்டித்தான் அறைக்குப் போயிருக்கிறேன். அந்தப் பிள்ளை பேராதனையில் கூடப் படித்த, இப்போது கட்டுகஸ்தோட்டையில் வங்கியில் இருக்கும் சிநேகிதி ஒருத்திக்குப் போன் எடுத்தது. அவள் இன்னொருத்தியைக் கேட்டாள். பின்னேரத்துக்குள் பதில் வந்து, அறையும் போட்டாயிற்று. நான் சொன்ன இடம் அல்ல, அதற்கு இரண்டு வீதி தள்ளி, நான் கேள்விப்படாத ஒரு இடம்.

வேலை முடிந்து வந்த அன்று பில்லைக் காசாளரிடம் கொடுத்துவிட்டு என் மேசைக்கு வந்தது.

“எப்படி இடம்?” என்று கேட்டேன்.

“கொண்டி நல்லா இருக்கு சார். ராவுக்கு அந்த வீட்டு அம்மாவே கவுண்டர்ல உக்காருறாங்க. ரெண்டாவது மாடில மட்டும் வராந்தா லைட் எரியல, சொல்லியும் போடல. எல்லாத்தையும் எழுதிப் போட்டிருக்கேன்.”

“தமிழிலோ?”

“தமிழ்லதான் சார். மேசை இல்ல. கட்டில்லயே உக்காந்து முடிச்சிட்டேன்.”